வலிப்பு நின்ற மறுநாள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். ரெனோ–நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் எண்ணற்ற சின்னப் பட்டறைகளும் அங்கே இருக்கின்றன. விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டு, முதல் ஷிஃப்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரே அறையில் வாடகையைப் பங்கு போட்டுத் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொருவர் குளித்துவிட்டுக் கிளம்புவார். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. வேலை பிரஸ் மெஷினிலோ, ஃபோர்க்லிஃப்டிலோ, நிற்காமல் நகரும் கன்வேயர் முன்னாலோ இருக்கும். வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே பைக்.

வலிப்பு நோயுள்ள ஒருவருக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை அமைவது அரிது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். நேரம் தவறி மாத்திரை போட்டாலும் வரும். வரும் நேரத்தில் கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்தின் அளவு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இப்படிப்பட்ட ஊருக்குத் திரும்பி வந்தால் அவருடைய வாழ்க்கை எப்படி இருக்கும்? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. அறுவை சிகிச்சை வெற்றியா என்பதற்கு மருத்துவமனையில் ஒரு பதில் உண்டு. படப்பையில் கேட்டால் இன்னும் பல கேள்விகள் கேட்ட பிறகுதான் பதில் கிடைக்கும்.

ஓர் இளைஞரை மனதில் வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் எந்த நாள் போய் உட்கார்ந்தாலும் இவருடைய கதையின் ஏதோ ஒரு துண்டு காதில் விழும். வயது இருபத்தேழு, டிப்ளமோ படிப்பு, கான்ட்ராக்ட் வேலை. அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வருவதுபோல முதலில் ஓர் உணர்வு. பிறகு பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும். உதடு சப்புக்கொட்டும். ஒரு கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. கீழே விழவில்லை, நுரை தள்ளவில்லை என்பதால் பக்கத்தில் நிற்பவர் அதை வலிப்பு என்றே நினைக்க மாட்டார். ‘என்னப்பா, நின்னுகிட்டே தூங்குறியா?’ என்று சூப்பர்வைசர் அதட்டுவார். ஒரு நாள் அது உடல் முழுவதும் பரவி அவர் தரையில் விழுந்து துடிக்கும்போது, யாரோ ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். ‘பிட்ஸ் கேஸ்’ என்ற பெயர் வந்துவிடும். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது.

கையில் இரும்பு வைப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்தால் பெருமை சாவிக்குப் போய்விடுகிறது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் உதவி. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

இவருக்கு வருவது டெம்போரல் மடல் வலிப்பு. காதுக்கு மேலே, பொட்டெலும்புக்கு உள்பக்கம் இருக்கும் மூளைப் பகுதி அது. அதன் உள்ளடுக்கில் ஹிப்போகேம்பஸ் என்னும் சிறிய அமைப்பு இருக்கிறது. புதிய நினைவுகள் பதிவாவதற்கு அது இன்றியமையாதது. குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்தவர்களில் சிலருக்கு ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பேறிப்போகிறது. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின்துடிப்புகளை வெளியிடத் தொடங்குகின்றன. நம் நாட்டில் வலிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. தலைக்காயம், பிறப்பின்போது ஏற்பட்ட பாதிப்பு, பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உணவோடும் நீரோடும் உள்ளே போய் மூளையில் கட்டியாகத் தங்குவது ஆகியவை அவற்றில் சில. நாடாப்புழுக் கட்டிகளைப் பற்றிய உலகின் முக்கியமான ஆய்வுகள் சில வேலூரிலிருந்தே வந்தன.

எல்லா வலிப்புக்கும் கத்தி வைப்பதில்லை. பத்தில் ஆறேழு பேருக்கு மருந்தே போதும். கிளாஸ்கோவைச் சேர்ந்த பேட்ரிக் குவானும் மார்ட்டின் பிராடியும் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றது. அது கைகொடுக்காதவர்களில் இரண்டாவது மருந்தால் இன்னும் சிலர் தேறினர். மூன்றாவதுக்குப் போகும்போது பலன் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை ‘மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு’ என்று அழைக்கலாம் என 2010இல் உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் வரையறுத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. அந்தக் கட்டத்திலேயே அறுவை சிகிச்சை உதவுமா என்று பரிசோதிக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பரிசோதனைக்கு வருவதற்குள் பலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகப் பெரிய சோகம் இதுதான். படிப்பும் வேலையும் திருமணமும் கூடிவர வேண்டிய வயது முழுக்க மாத்திரையை மாற்றிக்கொண்டிருப்பதில் கரைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிகிச்சை புதிதல்ல. இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை நம் வேலூரில்தான் நடந்தது. கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளியை விழித்திருக்க வைத்தே மூளையைத் தொட்டு, எந்த இடம் எதைச் செய்கிறது என்று வரைபடம் போட்ட பென்ஃபீல்டுதான் அவர். சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952இல், குழந்தைப் பருவத்திலேயே ஒரு பக்கம் செயலிழந்து வலிப்பால் அவதிப்பட்ட ஓர் இளைஞருக்கு அங்கே அறுவை செய்தார். சென்னையில் சீர்காழிக்காரரான பா. ராமமூர்த்தி 1950இல் அரசுப் பொது மருத்துவமனையில் இதே துறையைத் தொடங்கியிருந்தார். சாண்டி, ராமமூர்த்தி, மூளை மின்னலைப் பதிவில் தேர்ந்த எஸ்.டி. நரசிம்மன், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினார்கள். ஸ்கேன் என்று எதுவும் இல்லாத காலம் அது. மண்டையோட்டுக்குள் எங்கே கோளாறு என்பதை நோயாளி சொல்லும் அறிகுறிகளையும் காகிதத்தில் ஓடும் கோடுகளையும் வைத்தே கணித்தார்கள்.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு நிலைமை மாறியது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1995இல் தொடங்கிய வலிப்பு அறுவை சிகிச்சைத் திட்டம், தென் தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்களை ரயிலேற்றியது. இன்று சென்னையிலும் வேலூரிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. நோயாளியைச் சில நாள் படுக்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, கேமரா முன் வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக வலிப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட தாய், அந்த அறையில் அது வரட்டும் என்று காத்திருப்பார். பதிவும் ஸ்கேனும் நினைவாற்றல் சோதனையும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அறுவை. டெம்போரல் மடலின் முன்பகுதியையும் தழும்பேறிய ஹிப்போகேம்பஸையும் எடுத்துவிடுவார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். அறுவை சிகிச்சை நிபுணர் பார்ப்பது எங்கெல் அட்டவணையை. உணர்விழக்கவைக்கும் வலிப்பு முற்றிலும் நின்றிருந்தால் முதல் வகுப்பு, பலனே இல்லை என்றால் நான்காம் வகுப்பு. நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க வேறொரு கேள்வித்தாள் இருக்கிறது. கோலி-31 என்று அதைச் சொல்வார்கள். ஓரின் டெவின்ஸ்கி, ஜாய்ஸ் கிராமர், பார்பரா விக்ரே ஆகியோர் 1990களில் அமெரிக்காவில் உருவாக்கியது. மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். வலிப்பைப் பற்றிய கவலை, மனநிலை, உடல் தெம்பு, ஞாபகமும் சிந்தனையும், மருந்தின் பக்கவிளைவு, வேலையும் வெளியுலக வாழ்க்கையும், மொத்தத்தில் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஏழு பகுதிகளாகக் கேட்கும். இந்த ஏழில் முதலாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மாதத்துக்கு இரண்டு முறை, முறைக்கு ஒன்றரை நிமிடம் வலிப்பு வருகிறவருக்கு, வலிப்பிலேயே கழியும் நேரம் மாதத்தில் மூன்று நிமிடம். மிச்சமுள்ள நேரமெல்லாம் ‘இப்போது வந்துவிடுமோ’ என்று காத்திருப்பதில் போகிறது. மாடிப்படியில், பஸ்ஸின் ஃபுட்போர்டில், கொதிக்கும் சாம்பார் முன்னால், குளியலறையில்.

அறுவை சிகிச்சை இந்தக் காத்திருப்பை முடித்துவைக்கிறதா என்பதை முறையாகச் சோதித்த முதல் ஆய்வு கனடாவின் லண்டன் என்ற நகரில் நடந்தது. சாமுவேல் வீப் தலைமையில் எண்பது பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவை, மறு பாதிக்கு ஓராண்டுக்கு மருந்து மட்டும். 2001இல் வெளியான முடிவின்படி, அறுவைக் குழுவில் 58 விழுக்காட்டினருக்கு உணர்விழக்கச் செய்யும் வலிப்பு நின்றிருந்தது. மருந்துக் குழுவில் 8 விழுக்காடு. வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் அறுவைக் குழுவில் தெளிவாக உயர்ந்தது. ஆனால் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களின் எண்ணிக்கையில், அந்த ஓராண்டுக்குள் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 58ஐயும் 8ஐயும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். படப்பையில் வாழும் ஒருவருக்கு அந்த மூன்றாவது முடிவும் அதே அளவு முக்கியம்.

குழந்தைகளில் இதே கேள்விக்கு இந்தியாதான் பதில் தந்தது. டெல்லி எய்ம்ஸில் மஞ்சரி திரிபாதியும் பி. சரத் சந்திராவும் முன்னின்று நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட 116 பேர். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினருக்கும், மருந்தில் மட்டும் இருந்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் வலிப்பு நின்றது. நடத்தையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. விலையும் இருந்தது. அறுவைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான பாதிப்புகள் பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவை மூளையின் பெரும்பகுதியைத் துண்டிக்க வேண்டியிருந்த குழந்தைகளுக்கு, முன்பே எதிர்பார்த்ததுபோல, ஒரு பக்கக் கை கால் பலவீனமானது. பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறார்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்களை யாரும் விளக்கமாக எழுதுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். டெம்போரல் மடலை அடைய, மெல்லும் தசையை வெட்டி விலக்கியிருப்பார்கள். அதனால் வாயை அகலமாகத் திறக்க முடியாது. சில வாரங்களுக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும். தலைவலி இருக்கும். களைப்பு எதிர்பார்த்ததைவிட நீளும். காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். சிலருக்கு முதல் சில மாதங்களில் முழுமையான மனச்சோர்வே வருகிறது. வலிப்பு நின்ற பிறகு வரும் மனச்சோர்வைக் குடும்பத்தால் புரிந்துகொள்ள முடிவதில்லை. ‘இவ்வளவு செலவு பண்ணி நல்லாப் போச்சு, இன்னும் என்னடா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டிருக்க?’ என்று கேட்பார்கள். உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்னும் பகுதியும் அறுவையில் எடுக்கப்படுகிறது என்பதும், சுற்றியுள்ள வலைப்பின்னல் புதிதாக ஒழுங்குபட மாதங்கள் ஆகும் என்பதும் அவர்களுக்கு யாராவது சொன்னால் அந்தக் கேள்வி வராது. இது மருந்தாலும் ஆலோசனையாலும் சரியாகக்கூடியது. மறைத்து வைக்காமல் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்ல வேண்டியது.

கண்ணில் ஒரு சிறு இழப்பும் பலருக்கு ஏற்படுகிறது. பார்வை நரம்பிழைகளில் ஒரு கற்றை டெம்போரல் மடலின் வழியே வளைந்து செல்கிறது. அது வெட்டுப்பட்டால், எந்தப் பக்கம் அறுவை செய்தார்களோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் மேல் மூலையில் பார்வை மங்கும். வீட்டில் இருப்பவர் இதைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். கிடங்கில் உயரமான ரேக்கிலிருந்து பாலட்டை இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அப்படி இருந்துவிட முடியாது. தலைக்கு மேலே கிரேன் நகரும் ஷெட்டில் நடப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் முன் பார்வைப் புலச் சோதனை செய்துகொள்வது ஆலைத் தொழிலாளிக்கு மற்றவர்களைவிட அவசியம்.

ஞாபகத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதைச் சொல்ல, உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட நோயாளி ஒருவரிடம் போக வேண்டும். அவரும் ஆலைத் தொழிலாளிதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் வேலை பார்த்த ஹென்றி மொலேசன், வலிப்பு மிகுந்து வேலையை விட வேண்டியதாயிற்று. 1953இல், அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும்போது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் இரண்டு பக்க ஹிப்போகேம்பஸையும் பெருமளவு எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. புதிய நினைவு எதுவும் பதிவாகாமல் போனது. அறையைவிட்டுப் போய்த் திரும்பி வந்தவரை அவருக்கு அடையாளம் தெரியாது. 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். அவருக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு இரு பக்கமும் எடுப்பதை உலகம் கைவிட்டது.

மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்டச் சொன்னார். நாளுக்கு நாள் மொலேசனின் கை தேறியது. முந்தின நாள் இதைச் செய்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. கைத்திறன் பதிவாகும் இடம் வேறு, நடந்ததும் கேட்டதும் பதிவாகும் இடம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. படப்பைக்காரருக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. இன்று அறுவை ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்கிறார்கள். மொழியைக் கையாளும் இடது பக்கத்தில் செய்தால், சொற்களை நினைவில் வைக்கும் திறன் ஓரளவு குறையலாம். டார்க் ரெஞ்சைப் பிடிக்கும் கை, வெல்டிங் செய்யும் கை, வயரிங் ஹார்னஸைக் கோக்கும் விரல் இவை தங்கள் பழக்கத்தை மறப்பதில்லை. மறந்துபோவது புதிய சூப்பர்வைசரின் பெயர், ஷிஃப்ட் மாறும்போது வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன மாற்றம், மூன்றாவதாகச் சொன்ன பார்ட் நம்பர். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னால் இந்தக் குறையின் பெரும்பகுதி சமாளிக்கக்கூடியது. வேலை தெரியாமல் போய்விட்டது என்று அவரை வெளியே அனுப்புவது, மூளையைப் பற்றி நமக்குத் தெரிந்ததற்கு நேர் எதிரானது.

ஞாபகக் குறைவு வாழ்க்கையைக் கெடுத்துவிடாதா? அமெரிக்காவில் ஜான் லாங்ஃபிட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத பதிலைத் தந்தது. வலிப்பு முழுவதும் நின்றவர்கள், ஞாபகம் குறைந்திருந்தாலும் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகவே சொன்னார்கள். வலிப்பும் நிற்காமல் ஞாபகமும் குறைந்தவர்களுக்குத்தான் வாழ்க்கை முன்பைவிட மோசமானது. அந்தச் சிலர் யாராக இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிப்பதற்காகத்தான் அத்தனை நாள் பரிசோதனை. அவசரப்படுத்தும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வலிப்பு நின்றுவிட்டது, ஞாபகமும் பரவாயில்லை. அப்போதும் சிலர் தடுமாறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சாரா வில்சன், பீட்டர் பிளேடின், மைக்கேல் சாலிங் ஆகியோர் இதைக் கவனித்து, ‘இயல்பாயிருப்பதன் சுமை’ என்று பெயரிட்டு 2001இல் விரிவாக எழுதினார்கள். பத்து வயதிலிருந்து நோயாளியாக வாழ்ந்தவரிடம் உலகம் எதையும் எதிர்பார்த்ததில்லை. திடீரென்று எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறது. சிலர் இழந்த ஆண்டுகளை ஒரே மாதத்தில் பிடித்துவிடத் துடிக்கிறார்கள். பைக், காதல், சொந்தத் தொழில், கடன் என்று எல்லாம் ஒன்றாக நடக்கும். வேறு சிலர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

நம் வீடுகளில் இந்தச் சுமை நோயாளியோடு நிற்பதில்லை. பதினைந்து ஆண்டுகளாக மகனின் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கிய தாய்க்கு, மெல்லிய முனகலுக்கும் விழித்துக்கொள்ளும் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. ‘பாத்ரூம்ல தாழ்ப்பாள் போடாதே’ என்ற சொல் தினமும் வாயில் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மகன் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறான். அந்த ஓசை கேட்டதும் தாய் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே வந்து நிற்கிறார். இருவருக்கும் சண்டை. இது பாசமின்மை அல்ல, பாசத்துக்குப் பழகிய வேலை இல்லாமல் போனதால் வரும் தவிப்பு. மனைவி இருந்தால் அவருக்கும் இதே நிலை. சம்பளம், மாத்திரை, மாமியார் வீட்டுக்குப் போக வர என்று எல்லா முடிவும் அவர் கையில் இருந்தது. அறுவைக்கு முன் நடக்கும் ஆலோசனையில் குடும்பத்தையும் உட்காரவைத்து, யார் எந்தப் பொறுப்பை எப்போது விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று பேசுவதை மருந்துச்சீட்டைப்போலவே கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

பெண்களுக்கு இன்னொரு தடை கூடுதலாக இருந்தது. வலிப்பு இருந்ததைக் காரணம் காட்டி ஒரு திருமணத்தைச் செல்லாததாக்க 1999 வரை இந்துத் திருமணச் சட்டம் இடம் கொடுத்தது. இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆண்டு நடந்த திருத்தத்தில் ‘வலிப்பு’ என்ற சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போன சொல் பெண் பார்க்கும் கூடத்திலிருந்து போய்விடவில்லை. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் மின்னணு ஆலைகளில் வேலை பார்த்து விடுதியில் தங்கும் இளம்பெண்கள் பலர் மாத்திரை அட்டையைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்து இரவில் விழுங்குகிறார்கள் என்றால், அது அந்தக் கூடத்தை நினைத்துத்தான். வலிப்பு நின்ற பிறகாவது அந்த அட்டையை வெளியே வைக்க முடிய வேண்டும். கருத்தரிக்கும் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தைச் சரிபார்ப்பது தாய்க்கும் சேய்க்கும் உயிர்முக்கியமானது. ஒளித்து வைத்தால் அது நடக்காது.

வேலைக்கு வருவோம். அறுவை முடிந்தவருக்கு ஷிஃப்ட்தான் முதல் கேள்வி. வலிப்பு நின்றிருந்தாலும் மூளையின் தூண்டப்படும் தன்மை அடியோடு போய்விடாது. வாரம் ஒருமுறை தூக்கம் தலைகீழாகும் வேலை நல்லதல்ல. ‘ஜெனரல் ஷிஃப்ட் மட்டும்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஒரு வரிக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நிரந்தரப் பணியாளர் அதை எச்.ஆரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தக் காகிதமே வேலையைப் பறிக்கும் காகிதமாகிவிடுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார்கள். உரிய அளவு சந்தா செலுத்தியிருந்தால், ஓய்விலிருக்கும் காலத்துக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அறுவைக்குப் பிந்தைய ஓய்வுக்கு அது கைகொடுக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் வலிப்பு நோய் தனியாக இடம்பெறவில்லை. வேலையில் தகுந்த மாற்றம் கேட்கும் உரிமைக்கு அங்கிருந்து தெளிவான பிடிமானம் கிடைக்காமல் போகிறது.

இரண்டாவது கேள்வி பைக். இந்தப் பகுதியில் பைக் இல்லாதவருக்கு வேலைகளில் பாதி எட்டாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இல், வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்கும் கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் உரிமம் இல்லை. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்தால் கார், பைக் ஓட்டலாம், லாரிக்குப் பத்தாண்டு, அதுவும் மருந்தில்லாமல். நம் சட்டத்தில் அப்படியொரு கால அளவு இல்லை. ஐந்தாண்டாக வலிப்பே வராதவரும், நேற்று வந்தவரும் ஒரே கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். விளைவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இருவருமே ‘இல்லை’ என்று டிக் செய்கிறார்கள். நேற்று வலிப்பு வந்தவரைச் சாலையிலிருந்து விலக்கவும் இந்தக் கேள்விக்கு வலுவில்லை, ஐந்தாண்டு நலமாக இருந்தவரை நேர்மையாக இருக்கவும் அது விடுவதில்லை. மருத்துவச் சான்றோடு கூடிய கால அளவு ஒன்றை விதிகளில் சேர்ப்பது இந்தியாவின் வலிப்பு நோயாளிகளுக்கு இன்று செய்யக்கூடிய மிக மலிவான உதவி.

மாத்திரை எப்போது நிற்கும் என்பதுதான் நோயாளிகள் கடைசியில் கேட்பது. பிரிட்டனின் லண்டனில் 615 பேரை நெடுங்காலம் கவனித்து ஜான் டங்கன் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவுப்படி, உணர்விழக்கச் செய்யும் வலிப்பு அறுவைக்குப் பின் ஒருமுறைகூட வராமலே இருந்தவர்கள் ஐந்தாண்டில் 52 விழுக்காடு, பத்தாண்டில் 47 விழுக்காடு. வலிப்பு நின்றவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர்தான் மருந்தை முழுவதும் விட்டிருந்தார்கள். பொதுவாக ஓரிரண்டு ஆண்டுகள் எந்த வலிப்பும் இல்லை என்றால், மருத்துவர் ஒவ்வொன்றாக, மெதுவாகக் குறைக்கத் தொடங்குவார். குறைக்கும் மாதங்களில் வலிப்பு திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால் அந்த மாதங்களில் பைக்கையும் பிரஸ் மெஷினையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஒரு மாத்திரையோடு வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கலாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. லைனில் நிரந்தர வேலை கிடைத்த ஒருவர் அப்படி முடிவெடுத்தால், ஆறு மாதத்துக்கொரு முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்க அவருக்கு விடுப்பு கிடைக்க வேண்டும். மாத்திரை தீர்வதற்கு முந்தின வாரமே அடுத்த மாதத்துக்கானது கையில் இருக்க வேண்டும். உடன் வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்காவது, ஒருவேளை வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.